கலந்த குளிர்பதன வாயுக்களைப் பிரித்தல்: கரைப்பான் தேடலில் கணிப்பொறி

தென் அந்தமான் மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்று பெரார்கஞ்ச். 1920களில் இத்தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த பெரார் என்பாரின் பெயரால் வழங்குவது. 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்றிருந்த ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடக்கே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை இவ்வூர் வழியாகவே செல்கிறது. தென்னையும் பாக்கும் மிகுந்த பகுதி. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த இத்தகைய இடத்தில் குளிர்சாதனத்தை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மருந்தும் மீனும் அதனை நம்பியுள்ளன. கணிப்பொறி வைத்துள்ள அலுவலகமும் அதனை நம்பியே இயங்குகிறது.

கடற்காற்றிலுள்ள உப்பு, சாதனத்தின் உலோகக் குழாய்களை அரிக்கிறது. வாயு கசிகிறது. மெக்கானிக் வருகிறார். பழுது பார்க்கும்பொழுது எஞ்சிய வாயுவை அவர் காற்றில் திறந்துவிடலாம், அல்லது சிலிண்டரில் பிடிக்கலாம். பிடித்தால், பெரும்பாலும் ஒரே சிலிண்டரில்தான் பிடிக்க நேரும். இன்று ஒரு வகை, நாளை வேறு வகை. அதனைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்த வேண்டுமானால், சாலை வழியே துறைமுகம் சேர்த்துக் கப்பலேற்றி, ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல் கடந்து சென்னைக்கு அனுப்ப வேண்டும். இச்செலவை யார் ஏற்பர்? சிலிண்டரில் உள்ள கலவையை மறுகரையில் பிரிக்க வழியிருந்தால் அது சரக்கு. வழியில்லையெனில் அது கழிவு. அதற்கும் கப்பற் கூலி கொடுக்க எவரும் முன்வரார். ஆகவே வேதியியற் கூடத்தில் நடைபெறும் ஒரு தேடல், பெரார்கஞ்ச் மெக்கானிக்கின் கையிலுள்ள திருகாணியைத் திறப்பதா மூடுவதா என்பதோடு நேரடித் தொடர்புடையது.

கலவையின் இயல்பு

சில ஆண்டுகளுக்கு முன்வரை அறைக் குளிர்சாதனங்களில் பரவலாக நிரப்பப்பட்டுவந்த ஆர்-410ஏ என்பது தனிப்பொருள் அன்று. எச்.எப்.சி.-32, எச்.எப்.சி.-125 ஆகிய இரண்டும் எடையில் பாதிக்குப் பாதியாகச் சேர்ந்தது. முன்னதன் மூலக்கூறு எடை 52, பின்னதன் எடை 120. ஆதலின் மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் பார்த்தால் கலவை ஏறத்தாழ 70க்கு 30 என்ற விகிதத்தில் அமைகிறது. இவ்விரண்டும் ஓசோன் படலத்திற்குக் கேடு செய்வதில்லை. 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் குளோரின் கலந்த வாயுக்களுக்கு மாற்றாக இவை ஏற்கப்பட்டமைக்கு அதுவே காரணம். ஆயினும் புவியை வெப்பமாக்குவதில் இவை மிக வல்லவை. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ கரியமில வாயுவின் வெப்பமூட்டும் திறனை 1 என்று கொண்டால், எச்.எப்.சி.-32க்கு 675, எச்.எப்.சி.-125க்கு 3,500, கலவைக்கு 2,088 ஆகும்.

ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிலோ வாயு இருக்கும். (இங்கு டன் என்பது எடையன்று. ஒரு நாளில் ஒரு டன் நீரைப் பனிக்கட்டியாக்கும் திறன் என்னும் பழைய அளவு. பனிக்கட்டி வணிகம் விட்டுச்சென்ற சொல்.) அந்த ஒரு கிலோவைக் காற்றில் விடுவது, ஏறத்தாழ 780 லிட்டர் டீசலை எரிப்பதற்குச் சமம். மின்சாரத்தின் பெரும்பகுதியை இன்னும் டீசலிலிருந்தே பெறும் தீவுகளில் இந்த ஒப்பீடு எளிதில் விளங்கும்.

2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் மாண்ட்ரியல் உடன்படிக்கை திருத்தப்பட்டு, எச்.எப்.சி. வகைகளும் அதன் ஆளுகைக்குள் வந்தன. இந்தியா அத்திருத்தத்தை 2021 செப்டம்பரில் ஏற்றது. இதன்படி நம் நாட்டின் அடிப்படை அளவு, 2024 முதல் 2026 வரையிலான மூன்றாண்டுச் சராசரி எச்.எப்.சி. நுகர்வோடு, முந்தைய எச்.சி.எப்.சி. அடிப்படை அளவில் 65 விழுக்காட்டைக் கூட்டிக் கணக்கிடப்படும். 2028இல் நுகர்வு அவ்வளவில் நிறுத்தப்பட வேண்டும். பின்னர் 2032இல் 10, 2037இல் 20, 2042இல் 30, 2047இல் 85 விழுக்காடு எனக் குறைக்க வேண்டும். மாணவர்கள் கடைசி இரு எண்களுக்கு இடையிலுள்ள பாய்ச்சலைக் கவனிக்க. முதல் பதினைந்து ஆண்டுகளில் மெதுவாக இறங்கும் படிக்கட்டு, இறுதி ஐந்தாண்டில் செங்குத்தாகிறது.

உடன்படிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு விதியும் உண்டு. மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்தும் வாயு புதிய உற்பத்தியாகக் கணக்கில் சேர்வதில்லை. ஒதுக்கீடு சுருங்கச் சுருங்க, பழைய சாதனங்களிலிருந்து மீட்ட ஒவ்வொரு கிலோவும் ஒதுக்கீட்டுக்கு வெளியே கிடைக்கும் வரவாகும். எச்.எப்.சி.-32 இன்றைய புதிய அறைக் குளிர்சாதனங்களில் தனியாகவே பயன்படுகிறது. அதற்கு விலை உண்டு. எச்.எப்.சி.-125 அவ்வாறன்று. அதனை அழிக்கவோ வேறு பொருளாக மாற்றவோ வேண்டும். இரண்டும் ஒன்றாயிருக்கும் வரை, நல்லதன் மதிப்பும் கெட்டதன் சுமையும் ஒரே சிலிண்டரில் அடைபட்டுக் கிடக்கின்றன.

காய்ச்சி வடித்தால் என்ன?

கலவையைப் பிரிக்க வேதித் தொழில் அறிந்த முதல் வழி காய்ச்சி வடித்தல். கொதிநிலை குறைந்தது முதலில் ஆவியாகும். எச்.எப்.சி.-32இன் கொதிநிலை பூச்சியத்திற்குக் கீழ் 51.7 பாகை செல்சியஸ், எச்.எப்.சி.-125க்குக் கீழ் 48.1 பாகை. வேறுபாடு நான்கு பாகைக்கும் குறைவு. மேலும் ஆவியின் சேர்க்கையும் திரவத்தின் சேர்க்கையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. குளிர்சாதனத்திற்கு இது நற்குணம்: கலவை ஒரே பொருள்போல் நடந்துகொள்கிறது. பிரிப்பவருக்கோ இதுவே பெருந்தடை. அன்று வடிவமைத்தவர் வேண்டி விரும்பிச் சேர்த்த குணம் இன்று நம் வழியை மறிக்கிறது.

தடையின் அளவை ஒரு கணக்கினால் காணலாம். ஒரு பொருளின் ஆவியாகும் போக்கு மற்றதைப்போல் எத்தனை மடங்கு என்பதை ஒப்பு ஆவித்திறன் என்பர். 1932இல் பென்ஸ்கே வகுத்த சமன்பாட்டின்படி, கோபுரத்தின் இரு முனைகளிலும் 99.5 விழுக்காடு தூய்மை வேண்டுமானால், ஒப்பு ஆவித்திறன் 3ஆக இருக்கும்பொழுது ஏறத்தாழ 10 தட்டுகள் போதும். 2ஆக இருந்தால் 15. 1.1 எனில் 111. 1.02 எனில் 530க்கும் மேல். 1 எனில் எத்தனை தட்டு அடுக்கினாலும் பயனில்லை. இவை குறைந்தபட்சக் கணக்கு. நடைமுறையில் இன்னும் கூடும். (மறுபயன்பாட்டு வாயுவுக்குப் பன்னாட்டளவில் பின்பற்றப்படும் அமெரிக்கத் தொழில் தரம் கோரும் தூய்மையும் இந்த 99.5 விழுக்காடே.)

ஒப்பு ஆவித்திறனை 1.1இலிருந்து 2க்கு உயர்த்த முடிந்தால், எட்ட முடியாத கோபுரம் ஒரு சாதாரண ஆலைக் கோபுரமாகிவிடும். அவ்வாறு உயர்த்துவதற்கே மூன்றாவது பொருளாகிய கரைப்பான் வேண்டப்படுகிறது.

கரைப்பானின் பணி

கோபுரத்தின் மேற்பகுதியில் கரைப்பானை விடுகின்றனர். அது கீழிறங்கும்பொழுது இரு வாயுக்களுள் ஒன்றை மிகுதியாகவும் மற்றதைக் குறைவாகவும் கரைத்துக்கொள்கிறது. குறைவாகக் கரைந்தது மேலே வெளியேறுகிறது. கரைந்தது கரைப்பானோடு அடிவரை சென்று, வேறொரு கலத்தில் அழுத்தம் தணிக்கப்பட்டோ வெப்பமூட்டப்பட்டோ விடுபடுகிறது. வெறுமையான கரைப்பான் குளிர்விக்கப்பட்டு மீண்டும் மேலே செல்கிறது. பருகியதைக் கக்கி மறுபடியும் பருகுவதே அதன் வாழ்வு.

இப்பணிக்கு அயனித் திரவங்கள் பொருத்தமானவை என்று 2000க்குப் பின் தெரியவந்தது. சமையல் உப்பும் அயனிகளால் ஆனதே. ஆனால் அது உருக 801 பாகை வெப்பம் வேண்டும். நேர்மின் அயனியைப் பெரிதாகவும் ஒழுங்கற்ற வடிவிலும் அமைத்துவிட்டால், படிகமாக அடுக்கப்பட இயலாமல் அந்த உப்பு அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும். இவை ஏறத்தாழ ஆவியாவதே இல்லை. ஆகவே பிரித்தெடுத்த வாயுவில் கரைப்பானின் கலப்பு இராது. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஷிப்லெட், யோகொசெகி ஆகிய இருவரும் எச்.எப்.சி. வாயுக்கள் இவற்றில் கரையும் அளவை 2005, 2006ஆம் ஆண்டுகளை ஒட்டி அளந்து வெளியிட்டனர். மின்முனைப்பு மிகுந்த எச்.எப்.சி.-32ஐச் சில அயனித் திரவங்கள் எச்.எப்.சி.-125ஐக் காட்டிலும் மிகுதியாக ஈர்க்கின்றன என்பது அவ்வளவீடுகளால் புலனாயிற்று. 2024இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் தலைமையில், குளிர்பதனப் பொருள்களின் மீட்பு, மாற்று ஆகியவற்றுக்கென ஒரு பொறியியல் ஆய்வு மையம் அமைக்க அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு 2.6 கோடி டாலர் ஒதுக்கியது. பொருளின் முக்கியத்துவத்திற்கு இவ்வொதுக்கீடு ஒரு சான்று.

இடர்ப்பாடு எண்ணிக்கையில் உள்ளது. நேர்மின் அயனிகள் பல; எதிர்மின் அயனிகளும் பல; ஒவ்வொன்றிலும் கரிச் சங்கிலியை நீட்டலாம், குறைக்கலாம். சேர்க்கைகள் பத்து லட்சத்தை எட்டும் என மதிப்பிட்டோர் உண்டு. ஒரு திரவத்தில் ஒரு வாயு கரையும் அளவை நுண்தராசில் வைத்துப் பல அழுத்தங்களிலும் வெப்பநிலைகளிலும் அளக்க நாட்கள் பல செல்லும். நாளொன்றுக்கு ஒரு திரவம் என்று தாராளமாகக் கொண்டாலும், பத்து லட்சம் திரவங்களுக்கு 2,700 ஆண்டுகளுக்கு மேலாகும்.

எந்திரம் எவ்வாறு கற்கிறது?

எந்திரக் கற்றல் என்னும் சொல் பலரை மிரட்டுகிறது. மிரள வேண்டியதில்லை. பொருளியல் மாணவர் அறிந்த தொடர்புப் போக்குப் பகுப்பாய்வின் விரிவே இது. ஏற்கெனவே அளந்த முடிவுகள் ஓர் அட்டவணையாகத் தரப்படுகின்றன. ஒவ்வொரு வரியிலும் நேர்மின் அயனியின் அமைப்பு, எதிர்மின் அயனியின் அமைப்பு, மூலக்கூறின் மேற்பரப்பில் மின்னூட்டம் பரவியுள்ள பாங்கு, வாயுவின் இயல்புகள், வெப்பநிலை, அழுத்தம் ஆகியன இடம்பெறும். கடைசிக் கட்டத்தில் கரைந்த அளவு. முந்தைய கட்டங்களிலிருந்து கடைசிக் கட்டத்தை ஊகிக்கும் விதியைக் கணிப்பொறி தானே அமைத்துக்கொள்கிறது. விதி நேர்கோடாக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பின்னர் எவரும் அளக்காத, ஏன் எவரும் தயாரிக்கவே செய்யாத, திரவத்தின் கட்டங்களை நிரப்பிக் கேட்டால், அது ஒரு விடை தரும்.

முறைகள் பலவற்றுள் ஒன்றனை மட்டும் இங்கு விரித்துரைப்பது தகும். காசியன் முறை எனப்படும் அது, விடையோடு தன் ஐயத்தின் அளவையும் கூறுகிறது. கணக்கிற்காக இரு திரவங்களைக் கொள்வோம். முதலாவதன் தகுதி 30, கூடுதல் குறைவு 2 என்கிறது எந்திரம். இரண்டாவதன் தகுதி 25, கூடுதல் குறைவு 15 என்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒன்றைத்தான் அளக்கப் பணமும் நாளும் உள்ளன. எதனை அளப்பது? முதலாவது 30 என்பது ஏறத்தாழத் தெரிந்ததே. அளந்தால் புதிதாக அறிவது சிறிது. இரண்டாவது 40ஆகவும் இருக்கலாம், 10ஆகவும் இருக்கலாம். அது 10 என்று முடிந்தாலும், அந்தக் குடும்பத்துத் திரவங்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட உதவும். பல சமயங்களில் இரண்டாவதை அளப்பதே சிறந்தது. அளந்த முடிவு அட்டவணையில் சேர்கிறது, விதி திருத்தப்படுகிறது, அடுத்த கேள்வி எழுகிறது. பத்து லட்சத்தில் சில நூறு சோதனைகளுக்குள் நல்ல திரவத்தை நெருங்கும் வழி இதுவே.

அடுத்த சோதனையின் ஓரப் பயனை அதன் செலவோடு ஒப்பிடும் இச்சிந்தனை நம் நாட்டிற்குப் புதிதன்று. வங்காளத்துச் சணல் பரப்பை மதிப்பிட 1930களின் பிற்பகுதியிலிருந்து மகலனோபிஸ் நடத்திய ஆய்வுகளில், முதலில் சிறு முன்னோட்ட மாதிரி எடுத்து, அது காட்டிய வேறுபாட்டையும் செலவையும் கொண்டு அடுத்த மாதிரியைத் திட்டமிட்டார். தொடர்ப் பகுப்பாய்வை வகுத்த ஆபிரகாம் வால்டு அதனைத் தம் துறைக்கு முன்னோடி என்று ஒப்புக்கொண்டார். சணல் வயலுக்குப் பதில் மூலக்கூறு. அளவையாளருக்குப் பதில் தராசு.

நம்பத்தக்க எண், நம்பத்தகாத எண்

எந்திரத்தின் துல்லியம் பற்றி வெளியாகும் எண்களைப் படிக்கும்பொழுது அதிகாரிகளும் மாணவர்களும் ஒரு கேள்வியைத் தவறாது கேட்க வேண்டும்: சோதனைக்கு எதனை ஒதுக்கினீர்கள்? ஒரே திரவத்தைப் பத்து அழுத்தங்களில் அளந்து பத்து வரிகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் எட்டைக் கற்கக் கொடுத்து, இரண்டை ஊகிக்கச் சொன்னால், எந்திரம் மிகச் சரியாகவே ஊகிக்கும். அது இரு புள்ளிகளுக்கு நடுவே கோடு வரையும் வேலை. தேர்வுத் தாளின் பெரும்பகுதியை முன்னரே காட்டிவிட்டு மதிப்பெண் போடுவதற்கு ஒப்பாகும். நமக்கு வேண்டியதோ, எந்திரம் ஒருபோதும் காணாத திரவத்தைப் பற்றிய ஊகம். ஆகவே ஒரு திரவத்தின் எல்லா வரிகளையும் ஒருங்கே மறைத்துவைத்துச் சோதிக்க வேண்டும். அவ்வாறு செய்தால் துல்லியம் குறைவாகத்தான் தெரியும். குறைந்த அந்த எண்ணே உண்மையான எண்.

அட்டவணையின் சாய்வும் கருதற்குரியது. இதுவரை அளக்கப்பட்டவற்றுள் இமிடசோலியம் குடும்பத்தின் பங்கு மிகுதி. தயாரிக்கவும் வாங்கவும் எளிது என்பதே காரணம். அதில் கற்ற எந்திரம் பாஸ்போனியம் குடும்பத்தைப் பற்றிப் பேசும்பொழுது, ஊருக்குப் புதியவர் வழி சொல்வதுபோல் ஆகிவிடக்கூடும். நீண்ட கரிச் சங்கிலி கொண்ட சில திரவங்களில் இரு வாயுக்களின் முறைவரிசையே தலைகீழாகி, எச்.எப்.சி.-125 மிகுதியாகக் கரைவதும் உண்டு.

மேலும், தேர்ந்து கரைக்கும் திறன் ஒன்றே கரைப்பானைத் தகுதியுடையதாக்காது. மிக நன்றாகத் தேர்ந்தெடுத்து, ஆனால் சிறிதளவே கரைக்கும் திரவம் ஒன்றைக் கொண்டால், டன் கணக்கில் அதனைச் சுற்றவைக்க நேரும். பம்பு செலவு ஏறும். அயனித் திரவங்கள் பொதுவாகத் தடிப்பானவை. எண்ணெய்போல் மெதுவாகப் பாயும். ஆய்வுகளில் புகழ்பெற்ற ஹெக்சாபுளோரோபாஸ்பேட் வகை, ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சிதைந்து, உலோகத்தையும் கண்ணாடியையும் அரிக்கும் ஹைட்ரஜன் புளோரைடை உண்டாக்கும். சிலிண்டரில் பிடித்த பழைய வாயுவில் ஈரமும் கம்பிரசர் எண்ணெயும் இருப்பது இயல்பு. முன்னதாக நீக்காவிடில் கரைப்பானே கெட்டுவிடும். விலை தனிக் கதை. ஆகவே நல்ல ஆய்வுகள் கரைதிறனோடு தடிப்பு, வெப்பம் தாங்கும் தன்மை, ஆலையின் ஆற்றல் செலவு ஆகியவற்றையும் ஒருங்கே கணக்கிட்டு, அவற்றுக்கிடையே சமரசம் காண்கின்றன. எந்திரம் முதலிடம் தந்த திரவம் ஆலைக் கணக்கில் பின்தங்குவது அரிதன்று.

உள்வரும் வாயு எது?

இதுவரை பேசியது தூய ஆர்-410ஏ பற்றி. பெரார்கஞ்ச் சிலிண்டரிலோ ஆர்-22 எனப்படும் பழைய எச்.சி.எப்.சி. வாயுவும் இருக்கலாம், புதிய சாதனத்து எச்.எப்.சி.-32 கூடுதலாகவும் இருக்கலாம். குளிர்ப் பெட்டியின் எச்.எப்.சி.-134ஏ சேர்ந்திருக்கலாம். இரு பொருள்களுக்கென்று தேர்ந்த கரைப்பான் நான்கு பொருள்களிடம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது வேறு கேள்வி. அதற்குரிய அளவீடுகளும் குறைவு. என் கருத்தில், இந்திய நிலைக்கு முதன்மையான ஆய்வு இதுவே. மேலைநாட்டு ஆய்வுகள் தத்தம் நாட்டில் சேரும் வாயுவைக் கொண்டு கரைப்பானைத் தேர்கின்றன. நம் சிலிண்டர்களில் சேர்வது எது என்பதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிர்வித்தல் செயல் திட்டம், 2037-38க்குள் குளிர்பதனப் பொருள்களின் தேவையை 25 முதல் 30 விழுக்காடு குறைக்கவும், பழுதுபார்ப்போர் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சியும் சான்றும் வழங்கவும் இலக்கு வகுத்தது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளில் அவ்வாண்டே செய்யப்பட்ட திருத்தம், பயன் முடிந்த சாதனங்களிலுள்ள வாயுவையும் உற்பத்தியாளரின் பொறுப்பிற்குள் கொண்டுவந்தது. விதி உண்டு, பயிற்சி உண்டு. கடல் கடந்த வட்டத்தில் சிலிண்டரைத் திரும்பப் பெறுபவர் யார், அதன் கப்பற் கூலி எந்தக் கணக்கில் ஏறும் என்பன உள்ளூரில் தீர்க்கப்பட வேண்டியவை. நகரத்தில் நாள்தோறும் நிரம்பும் சிலிண்டர் தீவில் நிரம்ப மாதங்கள் ஆகும். பாதி நிரம்பிய சிலிண்டரைக் கப்பலேற்றினால் கிலோவுக்கான கூலி இரட்டிக்கிறது. நிரம்பும் வரை காத்திருந்தால் வகைகள் மேலும் கலக்கின்றன.

இந்த இக்கட்டிற்கு மலிவான விடை ஒன்று உண்டு: வகைக்கொரு சிலிண்டர். சாதனத்தின் பின்புறத் தகட்டில் வாயுவின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைப் பார்த்து, ஆர்-22க்கு ஒன்று, ஆர்-32க்கு ஒன்று, ஆர்-410ஏக்கு ஒன்று எனப் பிடித்தால், முதலிரண்டுக்கும் கரைப்பானே தேவையில்லை. ஈரமும் எண்ணெயும் நீக்கினால் பெரும்பாலும் போதும். வட்டம் முழுவதற்கும் பொதுவாக மூன்று சிலிண்டர்களை ஓரிடத்தில் வைத்து மெக்கானிக்குகள் அனைவரும் பயன்படுத்தினால், அவை விரைவில் நிரம்பவும் செய்யும். கணிப்பொறி தேடித்தரும் கரைப்பானுக்கு மூன்றாவது சிலிண்டர் மட்டுமே எஞ்சும். அச்சிலிண்டரின் கழுத்தில் கட்டும் அட்டையில் பிடித்த நாள், சாதனத்தின் வகை, எடை ஆகிய மூன்றையும் எழுதினால், கப்பல் சென்னையை அடையுமுன்பே மறுகரையில் உள்ளவர் அதனைப் பிரிக்கும் கணக்கைத் தொடங்கிவிடலாம்.